பல்கனிக் கொடியில் நாற்பது நாள்

என் மனைவி ஸமீமாவைப் பற்றி அளந்து பேச எனக்கு வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடவைக் கடையில் பதினேழு வருடமாக நிற்கிறேன். துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் எத்தனை கழுவலுக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். ஆனால் சாரி பார்க்க வந்தவர்களுக்கு நான் சாரியைப் பற்றிச் சொன்னதைவிட ஸமீமாவைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். முதலாளி சிவபாதசுந்தரம் ஐயா யாழ்ப்பாணத்து மனிதர், பொறுமைசாலி. அவரே ஒருநாள் பொறுக்க முடியாமல், "மக்கீன், முதல் அந்தச் சாரியை வித்துப்போட்டு, பிறகு உம்மட மனுசியைப் பற்றிக் கதையும்" என்று சொல்லிவிட்டார். வந்திருந்த அம்மா சிரித்துவிட்டு இரண்டு சாரி வாங்கிப் போனார். எப்படியோ வியாபாரம் நடந்தது.

ஸமீமா செய்வது இதுதான். மைக்ரோகண்ட்ரோலர் போர்ட் என்று ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் தகடு. நடுவில் ஒரு சில்லு, இரண்டு ஓரத்திலும் வரிசையாகச் சின்னச் சின்னக் கால்கள். கம்பியூட்டரில் எழுதிக் கொடுத்ததை அது பிசகாமல் செய்துகொண்டே இருக்கும். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மோட்டரை நிறுத்து என்றால் நிறுத்தும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பொழுதுபோக்காக இந்த வேலை செய்பவர்களும் அதை வாங்குகிறார்கள். கடைகளில் ஐம்பது வகை கிடக்கிறது. எது வாங்கலாம், எது வாங்கக் கூடாது, வாங்கினால் எதற்குப் பயன்படும் என்று தீர்ப்புச் சொல்வது என் மனைவி. பேஸ்புக்கில் அவளுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. நட்சத்திரம் போடுவது, கைதட்டும் படம் போடுவது எதுவும் அங்கே கிடையாது. 'இது எதனால் சாகும்' என்று ஒரு தலைப்புப் போட்டு அதற்குக் கீழே எழுதுவாள். எல்லாப் பொருளும் ஒருநாள் சாகும், எதனால் சாகும் என்று தெரிந்தால்தான் அதன் பெறுமதி தெரியும் என்பது அவள் கட்சி.

அவள் பிறந்தது மாளிகாவத்தை ஃப்ளாட்டில், மூன்றாம் மாடியில். ஒன்பது வயதில் உம்மாவின் இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டாள். அவள் வாப்பா ஹஸன் ஹாஜியார் துறைமுகத்தில் வேலை செய்தவர், கோபக்காரர். "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு ஸ்க்ரூ டிரைவர்?" என்று வீடு அதிரக் கத்தினார். அந்தி நேரம், அவள் திருத்திப் பொருத்திய இஸ்திரிப் பெட்டி சூடேறியதைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டார். அடுத்த சம்பளத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட்டோடு வீட்டுக்கு வந்தார். ஏ.எல். பரீட்சையில், கணிதப் பிரிவில் நன்றாகத்தான் செய்தாள். பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை, மயிரிழையில் தவறியது. அந்த மயிரிழையைப் பற்றி இன்றுவரை அவள் வாய் திறந்து பேசியதில்லை. மகள் அம்னாவின் பள்ளிக்கூடப் படிவத்தில் 'தாயின் கல்வி' என்ற இடத்தை நிரப்பும்போது மட்டும் பேனா கொஞ்சம் நிற்கும். நான் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் வெட்டு வெட்டாகப் போன அந்த வருடத்தில்தான் இது தொடங்கியது. எங்கள் ஃப்ளாட் கடலோர வீதியான மரைன் டிரைவுக்கு இரண்டு வீடு உள்ளே, ஐந்தாம் மாடி. கரண்ட் வந்த நேரத்தில் மோட்டர் ஓடித் தொட்டி வழிந்து படிக்கட்டெல்லாம் தண்ணீர். ஸமீமா ஒரு போர்ட் வாங்கி அதைச் சரிப்படுத்தினாள். மூன்றாம் கிழமை போர்ட் செத்துப் போனது. எடுத்துப் பார்த்தால் கால்களில் பச்சை பூத்திருந்தது. விற்றவனிடம் போனோம். "எல்லாரும் நல்லம் எண்டுதானே எழுதீக்காங்க" என்று போனைத் திறந்து காட்டினான். ஆயிரம் பேர் நல்லது என்று எழுதியிருந்தார்கள், உண்மைதான். ஸமீமா ஒவ்வொன்றாக வாசித்தாள். "இவங்கட வீட்டுல கடல் இல்லையே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வெள்ளவத்தையில் கடலோரம் இருப்பவர்களுக்கு இது விளங்கும். இங்கே ஃபேன் துருப்பிடிக்கும், ஃப்ரிட்ஜின் கால் துருப்பிடிக்கும், ஜன்னல் கொளுக்கி கையோடு வரும். சாவிக்கொத்தைக்கூட நம்ப முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு போர்ட் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆகவே அவள் சொல்லத் தொடங்கினாள்.

அவளுடைய சோதனை இப்படி. போர்ட்டைச் சொந்தக் காசில் கடையில் வாங்குவாள்; யாராவது இனாமாக அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவாள். பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு பற்றவைப்பையும் பார்ப்பாள். பிறகு கேபிளைச் செருகிக் கழற்றி, செருகிக் கழற்றி, ஐந்நூறு தடவை. ஓதும் தஸ்பீஹை எண்ணுவதற்கு விரலில் மாட்டும் சின்ன மெஷின் இருக்கிறதே, அதில்தான் கணக்கு. தஸ்பீஹ் மெஷினை இதற்கு எடுப்பது சரியில்லை என்று வேறொன்று வாங்கி வைத்திருக்கிறாள். கடைசியாகப் பல்கனியில் துணி காயப்போடும் கொடியில், வேலை செய்தபடியே, நாற்பது நாள் தொங்கவிடுவாள். கடலைப் பார்த்தபடி போர்ட்டுகள் சின்ன விளக்கைச் சிமிட்டிக்கொண்டு தொங்கும். என் சாரங்களும் அம்னாவின் பள்ளிக்கூடச் சட்டையும் உள்ளே ஃபேனுக்குக் கீழே காயும். கீழ் மாடியில் ஒரு அம்மா, "யாருக்குக் கலியாணம்?" என்று கேட்டார். நாற்பது நாளில் எது எப்போது நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி, அதிலிருந்துதான் தீர்ப்பு.

போன மே மாதம் இரத்மலானையிலிருந்து ஜெகதீஸ்வரி மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓ.எல். முடித்த பெண் பிள்ளைகளுக்கு மின்னணு வேலை பழக்கும் நிலையம் ஒன்றின் தலைவி. நரைத்த தலை, நேரான பேச்சு. தேத்தண்ணியைக் கையில் எடுக்கும் முன்பே விஷயத்தைச் சொன்னார்.

"எங்களிட்ட இந்த வருசம் அறுபது பிள்ளையள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போர்ட் குடுக்கப் போறம், வீட்ட கொண்டுபோய் வச்சிருக்க. எது வாங்குறது எண்டு நீங்கள் சோதிச்சு ஒரு அறிக்கை தரவேணும். அறிக்கை குழுவுக்குப் பிடிச்சுதெண்டால், சோதனைப் பொறுப்பாளர் எண்டு நிரந்தரமா ஒரு இடம் இருக்கு. நான் உங்களைத்தான் நினைச்சிருக்கிறன்."

"எனக்கு டிகிரி இல்ல மிஸ்" என்றாள் ஸமீமா.

"நான் டிகிரி கேட்கேல்லையே."

ஜெகதீஸ்வரி மிஸ் போன பிறகு ஸமீமா குசினியில் நின்று கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த வேலை அவளுக்கு வேண்டும். அவள் எதையும் வேண்டும் என்று சொல்கிறவள் இல்லை, அன்றைக்குச் சொன்னாள். "எனக்கு அது கெடச்சா நல்லம்" என்றாள்.  மறுநாள் கடையில் இதை எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

ஜூன் மாதம் நான்கு போர்ட்டுகள் கொடியில் ஏறின. அவற்றில் இரண்டைத்தான் நீங்கள் அறிய வேண்டும். ஒன்று பெயர் பெற்ற அசல். விலை அதிகம், பெட்டியே ஒரு அழகு. அதற்கு ஸமீமா வைத்த பெயர் துரை. மற்றது அதே மாதிரிப் பார்த்துச் செய்த மலிவுப் போர்ட். துரையின் விலைக்கு அதில் ஆறு வாங்கலாம். அது சின்னவன். அறுபது பிள்ளைகளுக்கு வாங்குவதென்றால் சின்னவன் தாங்கினால் பெரிய லாபம். தாங்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

ஜூன் மாதத்துக் கடலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அலை பாறையில் அடித்தால் உப்புத் தூறல் ஐந்தாம் மாடிவரை வரும். ஒன்பதாம் நாள் ஸமீமாவின் தங்கை ஷிம்னாவுக்குப் பிள்ளைப்பேறு. ஸமீமா அம்னாவையும் கூட்டிக்கொண்டு மூன்று நாளைக்கு மாளிகாவத்தைக்குப் போய்விட்டாள். நான் தனியே. விடிந்ததும் பல்கனியைத் திறந்தால் நான்கு போர்ட்டும் காற்றில் அடிபட்டுக்கொண்டு தொங்குகின்றன. எனக்குப் பாவமாக இருந்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே பாவமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கடல் காற்றுப் படும் எந்த மின்சாரச் சாமானுக்கும் நிறமில்லாத கியூட்டெக்ஸ் பூசுவோம், நகத்துக்குப் பூசுகிற அதே கியூட்டெக்ஸ்தான். கோலிங் பெல், ரிமோட்டின் பட்டரி வாய், சுவிட்ச் ஆணி எல்லாவற்றுக்கும். பூசினால் துரு அண்டாது. ஸமீமா ஐந்து நேரம் தொழுபவள். நகத்தில் கியூட்டெக்ஸ் இருந்தால் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ எடுக்கும்போது தண்ணீர் படாது என்று தன் விரலுக்கு ஒருநாளும் பூசியதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு போத்தல் இருக்கும். வாங்குவது நான். ஃபேன்ஸி கடைப் பெண், "மிஸ்ஸிஸுக்கு என்ன கலர் சேர்?" என்று கேட்பாள். "கலர் வேணா. கோலிங் பெல்லுக்கு" என்பேன்.

அன்றைக்குப் போத்தலில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. ஒன்றுக்குத்தான் காணும். கடையில் நாங்கள் மலிவுத் துணியைத்தான் முதலில் வெயிலிலிருந்து எடுத்து வைப்போம், அதுதான் முதலில் வெளுக்கும். அதே புத்தியில் சின்னவனைக் கழற்றி எடுத்து, துடைத்துக் காயவைத்து, அழகாகப் பூசினேன். பிறகு திரும்பவும் கொடியில் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போனேன். போன இடத்தில் மறந்தும் போனேன். கோலிங் பெல்லுக்குப் பூசியதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

துரை முப்பத்துநான்காம் நாள் நின்றது. மற்ற இரண்டும் அதற்கு முன்பே போய்விட்டன. நாற்பதாம் நாள் சின்னவன் மட்டும் ஒன்றும் நடக்காதது போலச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஸமீமா ஐந்து நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதினாள். 'தொழிற்சாலையிலேயே நல்ல பூச்சுப் பூசியிருக்கிறார்கள். கடலோரத்தவர்கள் நம்பி வாங்கலாம்' என்று எழுதினாள். ஆறில் ஒரு பங்கு விலைக்காரன் துரையை வென்றான் என்று அது எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள். ஜெகதீஸ்வரி மிஸ் போனில் வந்து, செப்டெம்பர் முதற் கிழமை குழு கூடுகிறது, அறுபது சின்னவனுக்கும் அன்றைக்கே ஓடர் கொடுக்கப் போகிறோம் என்றார். நான் கடையில் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

ஓகஸ்ட் கடைசியில் கொட்டாஞ்சேனையிலிருந்து ரொனி என்பவர் ஸமீமாவுக்கு எழுதினார். வீட்டில் அழகு மீன் வளர்த்து விற்கிறவர். அவளுடைய தீர்ப்பை வாசித்துச் சின்னவனை வாங்கி, மீன்தொட்டிக்குக் காற்று அடிக்கும் பம்பை அதில் மாட்டியிருந்தார். ஐந்தாம் கிழமை போர்ட் செத்து, விடியும்போது பதினொரு மீன் மிதந்ததாம். ஏசி எழுதவில்லை. 'நான் ஏதும் பிழையாக மாட்டினேனோ தெரியாது, பார்த்துச் சொல்வீர்களா' என்று கேட்டிருந்தார். அதுதான் ஸமீமாவைக் குடைந்தது. அடுத்த ஞாயிறு இருவரும் போனோம்.

ரொனியின் வீடு துறைமுகக் காற்று நேரே வரும் ஒரு ஒழுங்கையில். "மாட்டினது சரிதானே அக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஸமீமா பூதக்கண்ணாடியை எடுத்துப் போர்ட்டை ஜன்னலோரம் பிடித்தாள்.

"நீங்க மாட்டினதுல ஒரு பிழையுமில்ல" என்றாள். "கால் எல்லாம் பச்சை பூத்தீக்கி. பூச்சே இல்ல."

நானும் குனிந்து பார்த்தேன். அந்தச் சின்னவன் மங்கலாக, தூசு படிந்த தகரம் மாதிரிக் கிடந்தான். எங்கள் வீட்டுச் சின்னவனின் பளபளப்பு எனக்குக் கண்ணுக்குள் வந்தது. கூடவே ஃபேனுக்குக் கீழே நான் அதைக் காயவைத்ததும் வந்தது.  ரொனி தந்த பிளேன்டீயைக் குடிக்காமலே ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். ஸமீமாவோ, "வேற வேற தொழிற்சாலையா ஈக்குமோ?" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு குறிப்பெடுத்தாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். வேறு வேறு தொழிற்சாலை என்று அவளே முடிவுகட்டியிருப்பாள். குழு கூட ஒன்பது நாள்தான் இருந்தது, வேலை அவள் கைக்கு வந்துவிடும். கோட்டையில் பஸ் மாறி ஏறும்வரை இதே யோசனைதான். பிறகு அறுபது பிள்ளைகளின் கையில் அறுபது செத்த போர்ட்டும், அதன் மேலே ஸமீமாவின் பெயரும் எனக்குத் தெரிந்தது. பம்பலப்பிட்டியில் பஸ் நெரிசலில் நிற்க, கண்டக்டர் "இஸ்ஸரஹட யன்ன, இஸ்ஸரஹட!" என்று ஆட்களை முன்னால் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் வாயைத் திறந்தேன்.

"ஸமீமா, ஒண்டு செல்லணும்."

"செல்லுங்க."

"நம்மட சின்னவனுக்குக் கியூட்டெக்ஸ் பூசினது நான்தான்."

சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று உரத்துச் சொல்லிவிட்டேன். முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"எப்ப?" என்றாள் ஸமீமா.

"நீ உம்மா வீட்ட போன அடுத்த நாள்."

"எத்தின தரம் பூசினீங்க?"

"ரெண்டு தரம்."

"மொதல் பூசினது காஞ்ச பொறகா ரெண்டாவது?"

"ஓம். ஃபேனுக்குக் கீழ வெச்சுக் காயவிட்டேன்."

"ரெண்டு பக்கமுமா?"

"கேபிள் செருகுற வாயத் தவிர எல்லா எடமும்."

அவள் எல்லாவற்றையும் போனில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துப் போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. முன் சீட்டுப் பெரியவர், "இவ்வளவுதானா தம்பி? நான் வேற ஏதோ எண்டு பயந்துட்டேன்" என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அவள் பேசினாள்.

"பூசினீங்க, சரி. எரக்கப்பட்டுப் பூசினீங்க. தொழிற்சாலையில பூசினது எண்டு நான் பேஜ்ல எழுதினேனே, அத வாசிச்சீக்கணுமே. அப்பயே சென்னீக்கலாமே?"

நான் தலையைக் குனிந்தேன். "எத்தின பேர் லைக் போட்டீக்காங்க எண்டுதான் பாத்தேன்."

"ஊரெல்லாம் என்னப் பத்திக் கதைக்கிறீங்க. சாரி வாங்க வாறவங்களுக்கெல்லாம் கதைக்கிறீங்க. நான் எழுதினத ஒரு தரம் வாசிக்க ஏலாமப் போச்சா உங்களுக்கு?"

  சீட்டுக்கட்டு மாதிரி என் பெருமை எல்லாம் சரிந்து காலடியில் கிடந்தது.

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு அவள் தன் பேஸ்புக் பக்கத்தில் எழுதினாள். 'சின்னவனைப் பற்றி நான் சொன்ன தீர்ப்பு பிழை. அந்தப் பூச்சு தொழிற்சாலையில் பூசியதல்ல, என் வீட்டில் பூசியது. நான் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். என்னை நம்பி வாங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' என் பெயரை அதில் எழுதவில்லை. உடனே ஒருவன், கியூட்டெக்ஸ் அக்கா என்று நக்கலாக எழுதினான். எனக்கு இரத்தம் கொதித்தது. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்க எழுதத் தொடங்கினேன். ஸமீமா போனைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாள். "அவன் சென்னதுல என்ன பொய்?" என்றாள்.

மறுநாள் நான் லீவு போட்டேன். வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் எடுத்து இரத்மலானைக்குப் போனோம். தெஹிவளை, கல்கிசை என்று கடலோரமாகவே போகிற பாதை. ஸமீமா கடலைப் பார்க்கவே இல்லை, மடியில் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜெகதீஸ்வரி மிஸ்ஸின் அறையில் உட்காராமலே சொல்லிவிட்டாள்.

"மிஸ், சின்னவனுக்கு ஓடர் குடுக்க வேணா. என்ட சோதனை பிழை. இன்னும் நாப்பது நாள் தாங்க, திரும்பச் செய்றேன். எனக்கு அந்த வேலையத் தராட்டியும் பரவாயில்ல, செஞ்சு தாறேன்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "குழுவில சில பேர் துரையைத்தான் வாங்கச் சொல்லுகினம். வித்துக் குடுக்கிறவையே ரெண்டு நாளில ஒரு அறிக்கை எழுதித் தந்திட்டினம். இப்ப நீங்கள் பிழை எண்டு சொன்னால் அவைக்கு வாய்ப்பாப் போகும். விளங்குதா?"

"விளங்குது மிஸ்."

"விளங்கியும் சொல்லுறீங்கள்."

"அறுபது புள்ளைகள் மிஸ்" என்றாள் ஸமீமா.

நான் கதவோரம் நின்றிருந்தேன்.  என் வாழ்நாளில் பெருமையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

குழுக் கூட்டம் தள்ளிப்போனது, நாற்பது நாள் கிடைத்தது. ஆறு புதிய போர்ட்டுகள் கொடியில் ஏறின: மூன்று சின்னவன் வாங்கியபடியே, மூன்று சின்னவன் கியூட்டெக்ஸ் பூசி. பூசியது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். "அதே கை பூசினாத்தான் சோதனை" என்று ஸமீமா சொல்லிவிட்டாள். ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்துப் பூசினேன். அவள் பக்கத்தில் நின்று நேரம் பார்த்துக் குறித்தாள். பூசாத மூன்றும் இருபத்தாறாம் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் இடையில் நின்றன. பூசிய மூன்றும் நாற்பதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன.

குழுக் கூட்டத்தில் நடந்ததை ஜெகதீஸ்வரி மிஸ்தான் பின்னர் சொன்னார். ஒருவர் எழும்பி, பிழை விட்டவரிடம் எப்படிப் பொறுப்பைக் கொடுப்பது என்று கேட்டாராம். மிஸ் இரண்டு அறிக்கையையும் மேசையில் வைத்து, "விக்கிறவை தந்ததில ஒரு பிழையும் எழுதியில்லை. துரை முப்பத்துநாலாம் நாள் நிண்டதும் அதில இல்லை. உங்கட மகளுக்கு வாங்குறதெண்டால் எதை வாசிச்சு வாங்குவீங்கள்?" என்று கேட்டாராம். அறுபது சின்னவனும் வாங்கினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் போர்ட்டோடு ஒரு போத்தல் கியூட்டெக்ஸும் கொடுப்பதென்று முடிவானது. அதுவும் ஸமீமாவின் அறிக்கையில் இருந்த யோசனைதான். துரையின் விலையில் பாதிகூடச் செலவாகவில்லை. சோதனைப் பொறுப்பாளர் கடிதம் நவம்பர் முதலாம் திகதியிட்டு வந்தது.

கடிதம் வந்த அன்று நான் கடைக்குப் போய் ஒருவருக்கும் சொல்லவில்லை. சிவபாதசுந்தரம் ஐயா, "என்ன மக்கீன், உடம்புக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார். நேரே வீட்டுக்கு வந்து, "அந்த அறிக்கையத் தா" என்றேன்.

ஸமீமா ஆச்சரியப்பட்டாள். "லைக் ஒண்டும் இல்ல அதுல."

"தா."

பதினோரு பக்கம். பல்கனிப் படியில் உட்கார்ந்து வாசித்தேன். பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்காத இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஈரப்பதம், வோல்ட், நாள் வாரியாக அட்டவணை, ஒன்றையும் தாண்டவில்லை. பின்னேரம், பள்ளிவாசலில் அசர் பாங்கு சொல்லும் நேரத்தில் ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தேன். அங்கே, நடுப்பகுதியில், இப்படி இருந்தது:

'பூச்சு இரண்டு முறையும் என் கணவர் மக்கீனால் பூசப்பட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்ததில் விடுபட்ட இடமோ குமிழியோ ஒன்றும் இல்லை. மிக நல்ல வேலை.'

நிமிர்ந்து பார்த்தேன். ஸமீமா குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்த பதினான்கு வருடமாக நான் அவளைப் பற்றி ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவள் என்னைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு வரி, வாசிக்கிறவன் மட்டும் கண்டுபிடிக்கிற இடத்தில்.